ஒர்த்தான்ஸ் தரைதட்டிய ஞாயிறு

தொடாதீர்கள் தம்பி. குனிந்து பாருங்கள், போதும். பாய்மரத்தில் கட்டியிருப்பதெல்லாம் தையல் நூல். மூச்சுப் பட்டாலே ஆடும்.

பொம்மை இல்லை. வாங்க வந்தவர் அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எழுபத்து நாலு பீரங்கிக் கப்பல். பிரெஞ்சுக் கடற்படை. நம் கடலூருக்கு எதிரே, இதோ இந்தக் கடலில்தான், இங்கிலீஷ்காரனோடு சண்டை போட்டன இந்த மாதிரிக் கப்பல்கள். ஆயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்று, ஜூன் மாதம். அதை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெயர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். லா ஒர்த்தான்ஸ். சரித்திரத்தில் அப்படி ஒரு கப்பல் இருந்ததா என்று கேட்காதீர்கள். அது என் பெண்டாட்டி பெயர். உள்ளேதான் இருக்கிறாள். பெயர் வைத்தால் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். "எம் பேரை வெச்சு வாராவாரம் முழுகடிக்கிறதுக்கா?" என்றாள். வாய் அதிகம்.

என்ன? பின்பாய்மரம் சாய்ந்திருக்கிறதா? எந்தப் பக்கம்? இல்லை. காற்றுக்குச் சாயும் தம்பி. நிஜக் கப்பலிலும் சாயும். மஞ்சள் பட்டையா? போன மாதம் நானே திரும்ப அடித்தேன். இப்போது வருகிற பெயிண்ட் மட்டமான சரக்கு. கோடு போட்டால் கோட்டில் நிற்பதில்லை. வழிகிறது.

இந்த மாதிரிக் கப்பல்களை மேசையில் வைத்துச் சண்டை ஆட்டம் ஆடுவதில்லையா நீங்கள்? கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பீர்களா? சீ. சரி, உங்கள் இஷ்டம்.

ஏன் விற்கிறேன் என்று கேட்டீர்கள். அருவருப்பு. வேறொன்றுமில்லை. இதைப் பார்த்தாலே குமட்டுகிறது. சோற்றில் பல்லி விழுந்ததைப் பாதி தின்றபிறகு சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி.

சொல்கிறேன். சுருக்கமாகத்தான் சொல்வேன். நடுவில் பேசாதீர்கள்.

நான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவன். பாண்டிச்சேரியில் எங்களைச் சொல்தா என்பார்கள். ஆப்பிரிக்காவில், ஜிபூத்தியில் பீரங்கிப் படை. தூரம் சொல்வதுதான் என் வேலை. அதிகாரி ஒரு பாறையைக் காட்டுவான், எவ்வளவு தூரம் என்பான். சொல்வேன். குண்டு அந்தப் பாறையில் போய் விழும். அந்தக் கண் இது. அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

ஜெய்லானி என்று ஒருவன். பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். கடை மேல்மாடியில் பிளைவுட் பலகைகளைச் சேர்த்து மேசை. மேசை மேல் நீலத்துணி, அது கடல். ஓரத்தில் பழுப்புத்துணி, அது கரை. ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக அங்கேதான் போவேன். பிரெஞ்சுப் படை என்னுடையது. இங்கிலீஷ் படை செங்கேணியுடையது. ஜெய்லானி நடுவன்.

செங்கேணி யார் என்றால் நில அளவை சர்வேயர். ரிட்டயர் ஆகிவிட்டான். அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள் ஆள் எப்படி என்று. ஆயுள் முழுக்க எல்லைக் கல்லை நகர்த்தின கை.

ஆட்டத்துக்குச் சட்டம் இரண்டுதான் முக்கியம். கப்பல் எப்படிப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். நேராக இத்தனை, வலம் இத்தனை, இடம் இத்தனை. இரண்டு பேர் சீட்டையும் ஒன்றாகப் பிரிப்பான் ஜெய்லானி. எழுதினது எழுதினதுதான். எதிரே பாறை இருந்தாலும் கப்பல் போய் இடிக்க வேண்டியதுதான். இன்னொன்று, கண்ணளவு. சுடுவதற்கு முன்னால் டேப்பைத் தொடக்கூடாது. எட்டும் என்று வாயால் சொல்லிவிட்டுச் சுட வேண்டும். பிறகுதான் அளப்பார்கள். எட்டவில்லை என்றால் குண்டு கடலுக்கு.

இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். என் கண்ணுக்கு எதிரே செங்கேணி நிற்க முடியாது. வருடக்கணக்காக அடித்தேன். செங்கேணி ஒவ்வொரு கப்பலாகக் கொடி இறக்குவான். இறக்கிக்கொண்டே திட்டுவான். "சொல்தா கண்ணா இது, கழுகுக் கண்ணுய்யா!" என்பான். அப்படித் திட்டினால்தான் ஆட்டம்.

போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்தது பித்தலாட்டம்.

நான் எட்டும் என்பேன். அளந்தால் எட்டாது. எட்டாது என்று விடுவேன். அவன் அங்கிருந்தே சுட்டு என் பாய்மரத்தைச் சாய்ப்பான். ஒரு ஞாயிறா, இரண்டு ஞாயிறா? கார்த்திகை முழுக்க இப்படித்தான். டேப்பில் கைவைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சர்வேயர்தானே. ஒருநாள் ஜெய்லானியின் டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு துணிக்கடைக்குப் போய் அவன் மீட்டர் கட்டையோடு வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. துணிக்கடைக்காரனும் திருடன். நாம் வாங்குகிற வேட்டியெல்லாம் குறைந்துதான் வருகிறது போலிருக்கிறது.

காலமே கெட்டுவிட்டது தம்பி. டிவியில் மூஞ்சியெல்லாம் கலங்கல், கேபிள்காரன் ஒழுங்கில்லை. பேப்பரில் மை போடுவதே இல்லை, சாம்பலால் அச்சடிக்கிறான். தெருவிளக்கு ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டு எரிகிறது. என்ன பல்போ. இவளிடம் சொன்னால், "எல்லாரும் கெட்டுப்போயிட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. போய் கண்ணைக் காட்டுங்க" என்கிறாள். கண்ணுக்கு என்ன?

சரி. பொங்கல் வந்தது. பொங்கலுக்கு அப்புறம் பாருங்கள், நான் விட்ட குண்டெல்லாம் எட்ட ஆரம்பித்தது. எட்டும் என்றால் எட்டியது. டேப்பை வைத்தால் மயிரிழையில் எட்டியது. கப்பல்கள் இடிக்காமல் திரும்பின. செங்கேணி தோற்றான். அடுத்த வாரமும் தோற்றான். நான் வீட்டில் பயிற்சி செய்திருந்தேன், இந்த மேசையில் தீப்பெட்டிகளை வைத்து. அதன் பலன் என்று நினைத்தேன்.

ஆனால் அவன் திட்டவில்லை. சிரித்துக்கொண்டே தோற்றான். "ஆகா, நல்ல அடி அந்துவான்" என்பான். கழுகுக் கண் என்று வைவதில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே தோற்கிறவன் யோக்கியனாக இருக்க முடியாது.

பிறகு ஜூன் வந்தது. கடலூர்ச் சண்டை.

வருடத்துக்கு ஒரு முறை அந்தச் சண்டையை மேசையில் அப்படியே நடத்துவோம். நிஜத்தில் பிரெஞ்சுக்காரனுக்குக் கப்பல் குறைவு. ஆனாலும் இங்கிலீஷ்காரன்தான் கடைசியில் மெட்ராசைப் பார்த்துத் திரும்பினான். நானும் வருடாவருடம் அவனைத் திருப்பி அனுப்புவேன். அதற்கு ஒரு வாரம் முன்பே எனக்குத் தூக்கம் வராது. இது ஒன்றுதான் எனக்கு. சீட்டாட்டம் பிடிக்காது. கோயில் கமிட்டி பிடிக்காது. பையன் பாரிசில் இருக்கிறான், போனில் அவன் பேசினால் அவன் பிள்ளைகள் பின்னால் கத்துகிறார்கள். இந்த ஞாயிறும் இந்தக் கப்பலும்தான்.

அன்றைக்கு ஒர்த்தான்ஸ் முன்னணியில். கரையை ஒட்டி ஓடிவந்து, கடைசி நேரத்தில் வலப்பக்கம் திரும்பி, அவன் வரிசையின் வாலைக் கடிக்க வேண்டும். என் திட்டம் அது. எதிரே ஓரிடத்தில் கரை கடலுக்குள் நீண்டிருக்கும். அதற்கும் கப்பலுக்கும் நடுவில் தாராளமாக இரண்டு சாண் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். நேராக ஆறு, பிறகு வலம் இரண்டு என்று சீட்டில் எழுதினேன். மடித்து வைத்தேன்.

பென்சில் கீழே விழுந்தது. குனிந்தேன். அது எங்கே உருண்டு போனதோ, தடவித் தடவித்தான் எடுத்தேன். மாடியில் வெளிச்சமே கிடையாது, ஜெய்லானி கஞ்சன். நிமிர்ந்து கப்பல் மேல் கைவைத்தேன்.

நகர்ந்திருந்தது.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? நீலத்துணி இரண்டு அகலம் சேர்த்துத் தைத்தது. தையல் கரைக்கு இணையாக ஓடும். கப்பலை வைக்கும்போது என் சுண்டுவிரல் அந்தத் தையலில் இருக்கும். சும்மா, பழக்கம். இப்போது சுண்டுவிரலுக்கடியில் தையல் இல்லை. வெறும் துணி. கப்பல் கடல் பக்கமாக நாலு விரல் தள்ளிப் போயிருந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம் செங்கேணியின் கை அப்போதுதான் பின்வாங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்தேன் மணிக்கட்டை.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்ல அந்துவான். கை பட்டுடுச்சு."

"கை பட்டா நாலு விரக்கடை போகுமா? கல்லு நகத்துற புத்தி எங்கடா போகும் உனக்கு?"

"விடுப்பா. தெரியாமப் பட்டுது."

ஜெய்லானி வேறு. "மிசே, விடுங்க மிசே. டீ சொல்றேன்." என்னை மிசே என்றுதான் கூப்பிடுவான், இந்த ஊர் மரியாதை. டீயாம்! நடுவனுக்கு அழகா அது? திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கிறேன், டீ சொல்கிறானாம்.

"பழைய இடத்துல வை. வெச்சுட்டு சீட்டைப் பிரி" என்றேன்.

"வேணாம் அந்துவான்" என்றான் செங்கேணி.

"ஏன் வேணாம்? பயமா இருக்கா?"

அவன் ஜெய்லானியைப் பார்த்தான். ஜெய்லானி அவனைப் பார்த்தான். கூட்டுக் களவாணிகள். நானே கப்பலைத் தூக்கித் தையல்மேல் வைத்தேன். சீட்டைப் பிரித்தார்கள். நான் எழுதினபடி ஜெய்லானி ஒர்த்தான்ஸை நகர்த்தினான். நேராக ஒன்று. இரண்டு. மூன்று. நிறுத்தினான்.

"நடத்துடா" என்றேன்.

"கரை வந்துடுச்சு மிசே."

குனிந்து பார்த்தேன். மூக்கு துணியில் படுகிற அளவு குனிந்து பார்த்தேன். ஒர்த்தான்ஸின் மூக்கு பழுப்புத்துணி மேல் ஏறியிருந்தது. தரைதட்டிவிட்டது. தரைதட்டின கப்பல் கொடி இறக்க வேண்டும், அதுவும் நான் போட்ட சட்டம்தான். முன்னணிக் கப்பல் போனால் வரிசை போச்சு. சண்டை போச்சு. சரித்திரமே போச்சு.

இரண்டு சாண் இருந்த கடல் எங்கே போனது? நான் பென்சில் தேடினபோது கரையையும் நகர்த்திவிட்டார்கள். அதைச் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். கீழே கடையில் ஆணி வாங்க வந்தவனெல்லாம் மேலே பார்த்திருப்பான்.

அப்போதுதான் ஜெய்லானி வாயைத் திறந்தான்.

"கரையை யாரும் தொடலை மிசே. அவரு கப்பலை நகத்துனது உங்களைத் தோக்கடிக்க இல்ல. தரைதட்டாம இருக்கத்தான் கடல் பக்கம் தள்ளி வெச்சாரு. இன்னைக்கு மட்டுமா? பொங்கல்ல இருந்து நீங்க ஜெயிச்ச ஆட்டம் ஒவ்வொண்ணும் அவரு நகத்திக் குடுத்ததுதான்."

"ஜெய்லானி, வாயை மூடு" என்றான் செங்கேணி.

"எத்தனை நாளைக்கு மூடுறது? திருடன்ங்கிறாரு, கேட்டுக்கிட்டு நிக்கிறீங்களே!"

துப்பினேன் தம்பி. மேசைமேல் இல்லை. தரையில்.

யோசித்துப் பாருங்கள். ஏமாற்றித் தோற்கடித்தால் அவன் எதிரி. எதிரியை எனக்குத் தெரியும், எதிரியோடுதான் என் பிழைப்பே. ஏமாற்றி ஜெயிக்க வைக்கிறவன் யார்? அவனுக்கு என்ன பெயர்? குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, ஆ காட்டு ஆ காட்டு என்று வெற்றியை ஊட்டியிருக்கிறான். நானும் வாயைத் திறந்து வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து இவளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். மாசி முழுக்க, பங்குனி முழுக்க. சீ. இளக்காரம். பட்டாளத்தில் ஒருவன் முகத்தில் அறைந்தால் திருப்பி அறைந்துவிட்டுச் சேர்ந்து சாராயம் குடிப்போம். இதற்கு என்ன திருப்பிக் கொடுப்பது?

கைக்குட்டையில் ஒர்த்தான்ஸைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். அந்த மாடிப்படி வேறு, கடைசிப்படியைக் கட்டினவன் குடித்துவிட்டுக் கட்டியிருக்கிறான், இருக்கிற இடத்தில் இருக்காது. தடுக்கினேன். பின்னாலேயே வந்து முழங்கையைப் பிடித்தான் செங்கேணி. உதறினேன்.

"இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றேன்.

"முழிச்சாலும் உனக்குத் தெரியாதுடா" என்றான்.

என்ன திமிர் பாருங்கள். என்ன அர்த்தத்தில் சொன்னானோ.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்து கேட்டில் நிற்கிறான். நீங்கள் வரும்போதும் நின்றிருப்பானே? வெள்ளை வேட்டி, குடை. அவன்தான். உள்ளே வரமாட்டான், நான் கூப்பிட்டால்தான் வருவானாம். நான் கூப்பிட மாட்டேன். நிற்கட்டும். இவள் இருக்கிறாளே, என் பெயரைச் சொல்லித் தாலி கட்டிக்கொண்டவள், இவள் போய் அவனுக்குத் தெருவிலேயே காபி கொடுக்கிறாள். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கிறது. காது நன்றாகக் கேட்கும் எனக்கு.

"என்ன அண்ணே, இன்னைக்கும் காவலா?"

"ஆமாம்மா. கோட்டை திறக்குற வரைக்கும்."

"உள்ளேருந்து பீரங்கி சுடுவாரே!"

"சுடட்டும்மா. எட்டாது."

எட்டாதாம்! இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், கேட்டில் நின்று சிரிக்கிறார்கள். போன வாரம் இவள் கையில் சொல்லி அனுப்புகிறான், கண் ஆஸ்பத்திரிக்கு அவனே கூட்டிப் போகிறானாம், கூடவே உட்கார்ந்திருக்கிறானாம். நிலத்தை அளந்தது போதாதென்று என் கண்ணை அளக்கக் கிளம்பிவிட்டான். சின்ன ஆப்பரேஷன்தானாம், இவள் சொல்கிறாள். யாருக்கு? எனக்கா? பாறையில் குண்டு விழ வைத்த கண்ணுக்கா?

அதனால்தான் விற்கிறேன். மச்சினன் மகனிடம் சொல்லி இண்டர்நெட்டில் படம் போடச் சொன்னேன். ஜெயித்ததெல்லாம் பிச்சை என்றால் ஜெயித்த கப்பல் எதற்கு? அலமாரியைத் திறந்தால் நாற்றமடிக்கிறது. நீங்கள் சென்னைக்குக் கொண்டுபோங்கள். இது போய்விட்டால் அவனுக்கும் கேட்டில் நிற்க வேலை இருக்காது. குடையை மடக்கிக்கொண்டு போவான். ஒழிந்தது. பாதி ஆயுள் பழக்கம், ஒழிந்தது. எனக்கு ஒன்றுமில்லை.

என்ன பார்க்கிறீர்கள்? ஒன்றுமில்லை என்றேன்.

இதோ இவள் வருகிறாள். இவள்தான் நிஜ ஒர்த்தான்ஸ். காபி வாங்கிக்கொள்ளுங்கள். டவராவையும் பிடித்துக்கொள்ளுங்கள், கொதிக்கக் கொதிக்கத்தான் கொடுப்பாள். கையில் வாங்கிவிட்டீர்களா? நல்லது. நீங்கள் குடியுங்கள், நான் பெட்டியில் வைத்துவிடுகிறேன். வேண்டாம், எழுந்திருக்காதீர்கள். இதை நான்தான் வைப்பேன். பஞ்சு போட்டு அட்டைப்பெட்டி தயாராக மேசையில் இருக்கிறது. கப்பலை அடியில்தான் பிடிக்க வேண்டும், பாய்மரத்தில் கைபடக்கூடாது. இப்படி. மெதுவாக. பஞ்சின் நடுவில் கொண்டுபோய் இப்படி விட்டால்...

என்ன சத்தம்?

யார் மேசையை நகர்த்தினது? பெட்டியை ஏன் இழுத்தீர்கள்? தரையிலா விழுந்தது? ஒர்த்தான்ஸ், அசையாதே, மிதித்துவிடாதே. ஏன் தம்பி இழுத்தீர்கள்? வாங்குகிற அவசரமா? நாகரிகம் தெரியாதா உங்களுக்கு? இதுவரை ஒரு கயிறு அறுந்ததில்லை அதில், ஒரு கயிறு!

என்ன? மெதுவாகச் சொல்லாதீர்கள், உரக்கச் சொல்லுங்கள். உங்கள் கைதான் பட்டுவிட்டதா? மன்னிக்க வேண்டுமா?

எந்தக் கை?

ஒரு கையில் டம்ளர். ஒரு கையில் டவரா. வாங்கினதிலிருந்து நீங்கள் கீழே வைக்கவே இல்லை. வைத்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

எந்தக் கை, தம்பி?

சீ. நீங்களுமா. வந்து முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை. நீங்கள் யார், நான் யார்? நீங்களுமா.

தலையைக் குனியாதீர்கள். குனிகிறீர்களா இல்லையா என்றுகூட... சரி. காபியைக் குடியுங்கள். ஆறினால் நன்றாக இருக்காது.

விற்பதற்கில்லை. பஸ் செலவை இவளிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏய், அழாதே. விழுந்தது கப்பல், நீ இல்லை. போய்ப் பார், நிற்கிறானா? நிற்கிறானா. எனக்குத் தெரியும், நிற்பான், வேறு வேலை ஏது அவனுக்கு. உள்ளே வரச் சொல். ஆமாம், நான்தான் கூப்பிடுகிறேன் என்று சொல். குடையை வெளியிலேயே வைத்துவிட்டு வரச் சொல். அந்தத் திருட்டு சர்வேயர் வந்து கீழே கிடப்பதை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுக்கட்டும். எது எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை.